காஜா பெராங்கில் வெள்ளிச் சுருள்

எங்கள் ரசாயனச் சங்கத்தின் சான்று விதிகளில் ஏழாவது இது: "பரிசோதனையை நேரில் காணச் செல்லும் உறுப்பினர் பார்க்கலாம், கேட்கலாம், குறிப்பெடுக்கலாம். எந்தப் பாத்திரத்தையும், கருவியையும், மருந்துப் புட்டியையும் கையால் தொடலாகாது." வாசகம் சற்றுக் கறாராக இருக்கிறதென்று அன்று குழுவில் ஒருவர் முனகினார். கறாராகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து நிறைவேற்றியவன் நான். சென்னையில் ஒரு கல்லூரியின் ரசாயன ஆய்வகத்தை முப்பத்தோரு ஆண்டுகள் மேற்பார்த்து ஓய்வு பெற்றவன். விதி எழுதுவது எனக்கு வெற்றிலை போடுவது மாதிரி.

போன வருடம் எங்கள் காலாண்டு இதழில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. எழுதியவர் மலாயாவில், மலாக்கா நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளர். பெயர் செல்வி தெய்வானை பிள்ளை. வெள்ளி நைட்ரேட்டில் அம்மோனியா விட்டு, குளுக்கோசு சேர்த்து, இளஞ்சூட்டில் வைத்தால் குழாயின் உட்புறத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி போல வெள்ளி படியும். இது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்த சங்கதி. தம்முடைய குழாய்களில் அப்படிப் படியவில்லை என்று அவர் எழுதியிருந்தார். கரைசலின் நடுவிலேயே சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் திரண்டு அடியில் இறங்குகிறதாம். அந்த மேகம் முழுக்கக் கம்பிச் சுருள் மாதிரி சுருண்ட வெள்ளி இழைகளாம். தலைமயிர் ஒன்றை நூறாகப் பிளந்தாலும் அந்த மென்மை வராதாம்.

இரண்டு கல்லூரிகளில் செய்து பார்த்தார்கள். வரவில்லை. நானும் வீட்டுப் பின்கட்டில் பதினொரு முறை செய்து பார்த்தேன். பதினொரு குழாயிலும் என் முகம் பளிச்சென்று தெரிந்தது. நான் தேடியது அதை அல்ல. பஞ்சு நூலையோ தூசியையோ பார்த்து அந்த அம்மாள் ஏமாந்துவிட்டார் என்று ஒருவர் இதழுக்கு எழுதினார். உறுப்பினர் ஒருவர் நேரில் பார்த்துச் சான்று தந்தால் சரி, இல்லாவிட்டால் குறிப்பு பிழையானது, திரும்பப் பெறப்படுகிறது என்று அவர் பெயரைப் போட்டு அச்சிடுவது எனச் சங்கம் முடிவு செய்தது. என் மகள் கிள்ளானில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். "எப்படியும் அந்தப் பக்கம் போகிறீர்களே" என்று வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் மலாக்கா போனது 1958 ஜனவரியில்.

கிள்ளானிலிருந்து கிளம்பிய பஸ்ஸை வழியில் போலீஸ் நிறுத்தியது. நாடு சுதந்திரம் பெற்று நாலு மாதம்தான் ஆகியிருந்தது, அவசரகாலச் சட்டம் இன்னும் போகவில்லை. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கொண்டுபோகிறார்களா என்று மூட்டை முடிச்சையெல்லாம் அவிழ்த்தார்கள். என் பெட்டியில் அரிசி இல்லை. ஆரஞ்சு நிறப் படிகம் நிரம்பிய ஒரு புட்டி இருந்தது. மலாய்க்காரப் போலீஸ் இளைஞர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்டக்டர் இடையில் நின்று மொழிபெயர்த்தார்.

"இது என்ன?"

"கழுவுவதற்கு."

"எதை?"

"கண்ணாடிக் குழாய்களை."

"மலாக்காவில் தண்ணீர் இல்லையா?"

பொட்டாசியம் டைக்ரோமேட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்துக் கழுவினால்தான் கண்ணாடி சுத்தமாகும், மற்றதெல்லாம் நனைப்பதுதான் என்று விளக்கினேன். கண்டக்டர் அதை இரண்டே சொல்லில் முடித்தார். போலீஸ்காரர் புட்டியைப் பெட்டிக்குள் வைத்து மூடி, என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

அதற்குப் பிறகு தூங்கிவிட்டேன். விழித்தபோது பஸ் இல்லை, நான் மலாக்காவுக்குச் சில மைல் முன்னாலேயே, செங் என்ற இடத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே மழையில் நின்றேன். கண்டக்டர் என்னை எழுப்பி இறக்கிவிட்டது கனவில் நடந்ததுபோல் நினைவிருந்தது. சீனக் கிழவர் ஒருவர் தம் மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு, நான் தங்க வேண்டிய மலாக்கா நகரத்துக் காஜா பெராங் பகுதிக்கு மிதித்தார். ஆள் உட்காரும் இடம் முன்னால், மிதிப்பவர் பின்னால். நம் ஊர் ரிக்‌ஷாவில் இழுப்பவர் முதுகையாவது பார்த்துக்கொண்டு போகலாம். இங்கே எதிரே வரும் லாரியை முதலில் சந்திப்பவர் பயணிதான்.

தங்க இடம் கொடுத்தவர் முத்தையா. என் மருமகனுக்கு வேண்டியவர், வீடு காஜா பெராங்கில், பக்கத்துத் தெங்கேராவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஈரத்தோடு வந்து நின்ற என்னைப் பார்த்து, "ஐயா, மொதல்ல கோப்பி குடிங்க, அப்புறம் பேசலாம்லா" என்றார். பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டுவது அந்த ஊர் வழக்கம். கெட்டிப்பாலில் கறுப்பாக ஒன்று வந்தது. நம் டிகாக்‌ஷனுக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. இரண்டாவது கோப்பை கேட்டேன்.

"தெய்வானையப் பாக்க வந்தீங்களா? இங்கேருந்து ரெண்டு சந்து தள்ளித்தான் வூடு. நல்ல பொண்ணு. ஆனா ஐயா, நீங்க தமிழ்ல பேசுனீங்கன்னா சிரிச்சிக்கிட்டே நிக்கும், ஒன்னும் வெளங்காது."

நான் நம்பவில்லை. தெய்வானை பிள்ளை என்று பெயர் வைத்துக்கொண்டு தமிழ் தெரியாமல் இருக்க முடியுமா? மறுநாள் மதியம் பள்ளி ஆய்வக வாசலில் என்னை வரவேற்றவருக்கு நாற்பது வயது இருக்கும். சின்ன உருவம், மலாய்ப் பெண்களின் கெபாயா சட்டை, சாரோங் கைலி, நெற்றியில் திருநீறு. நான் மேடைத் தமிழில் நாலு வாக்கியம் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே நின்றார்.

"மன்னிக்க வேண்டும், மிஸ்டர் சபாபதி. என் தமிழ் கோயில் வாசலோடு நின்றுவிடும். வீட்டில் நாங்கள் பேசுவது மலாய். சாமி மட்டும்தான் எங்களைத் தமிழில் பேச வைக்கிறார், அதுவும் ஐயர் சொல்லிக்கொடுத்தால்." அவர் பேசியது ஆங்கிலம். தமிழாக்கமும் அதன் குறைகளும் என்னுடையவை. செட்டி என்று இங்கே அவர்கள் இனத்தைச் சொல்கிறார்கள். நூற்றாண்டுகளுக்கு முன் வந்த தமிழ் வணிகர்கள் இந்த மண்ணில் பெண் எடுத்து வந்த வழி.

கரைசலில் சேர்ப்பது குளுக்கோசுதானா, அல்லது இந்த ஊர்க் கருப்பட்டி வெல்லமா என்று கேட்டேன். அதுதான் ரகசியமாக இருக்கும் என்று கப்பலிலேயே முடிவு கட்டியிருந்தேன்.

"வெளியூர்க்காரர்களுக்கு மலாக்காவில் எது நடந்தாலும் வெல்லம்தான் காரணம்" என்றார். அலமாரியிலிருந்து குளுக்கோசு டப்பாவை எடுத்து, முத்திரை தெரியும்படி என் மூக்கருகில் நீட்டினார்.

அதே அலமாரியில் பழைய வெள்ளிக் கரைசல் ஒரு புட்டியில் மூடி வைத்திருந்தது. எத்தனை நாளாயிற்று என்றேன். ஒரு வாரம் என்றார். நான் சொன்னேன்: "அம்மோனியா விட்ட வெள்ளியை அன்றைக்கே உப்புத் தண்ணீர் கலந்து கொட்டிவிட வேண்டும். இந்த விதி புத்தகத்தில் படித்ததல்ல. என் இடது காது கேட்காது. பக்கத்து மேசைக்காரர் மூன்று நாள் வைத்திருந்த குழாய் வெடித்தது." அவர் என் காதைப் பார்த்தார், புட்டியைப் பார்த்தார். நேரே உப்பு எடுக்கப் போனார். தண்ணீரில் கரைத்து வைத்தார். அவரைத் தொட விடாமல் புட்டியை நானே எடுத்து மெல்லக் கொட்டினேன். ஏழாம் விதி அப்போதே உடைந்தது. அதற்காக நான் வருந்தவில்லை.

வருந்த வேண்டியது அடுத்துச் செய்ததற்கு. நுண்ணோக்கியை எடுத்துவர அவர் விஞ்ஞான ஆசிரியையின் அறைக்குப் போனார். மேசைமேல் பிரம்புக் கூடையில் பன்னிரண்டு சோதனைக் குழாய்கள் இருந்தன. லேசாக மங்கல். முப்பத்தோரு வருடம் மங்கலான குழாய்களைப் பார்த்தால் என்ன செய்தேனோ, அதையே என் கை செய்தது. ஆரஞ்சுப் படிகம், பள்ளியின் கந்தக அமிலம், பத்து நிமிடம் ஊறல், பிறகு காய்ச்சி வடித்த நீர். அவர் திரும்பி வருவதற்குள் பன்னிரண்டும் வைரமாக மின்னின. இதைச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பல் துலக்கியதை யார் சொல்கிறார்கள்?

அன்று பன்னிரண்டு குழாயிலும் அருமையான கண்ணாடி படிந்தது. மேகம் இல்லை, சுருளும் இல்லை. தெய்வானை ஒவ்வொன்றாக எடுத்துத் தம் முகத்தைப் பார்த்தார். "நாளைக்கு வரும்" என்றார்.

மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் சூடு பார்த்தார், அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக எண்ணினார், சன்னலைச் சாத்தினார், திறந்தார். ஒவ்வொரு நாளும் அவர் வெளியே போன நேரத்தில் நான் குழாய்களைக் கழுவி வைத்தேன், ஏதோ என்னால் ஆன உதவி என்று. முதல் நாள் அவர் நிறையப் பேசினார். மூன்றாம் நாள் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நான் பார்த்தது பஞ்சு நூலாகவே இருக்கலாம், மிஸ்டர் சபாபதி."

"நீங்கள் பார்த்தபோது என்ன நினைத்தீர்கள்?"

"யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்த மாதிரி இருந்தது. இவ்வளவு சின்னதை யார் சுற்றுவார்கள் என்று நினைத்தேன்." மேசைமேல் இருந்த ஒரு தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "திரும்பப் பெறும் தாளை நானே எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன். அவர்கள் எழுதி என் பெயரைக் கீழே போடுவதைவிட, நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை."

அழகான கையெழுத்தில், என் கண்முன்னே எழுதினார். நான் கண்டதாகச் சொன்னது என் கண்ணின் பிழை என்று ஒரு வாக்கியம். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். தபாலில் சேர்க்கவில்லை. வியாழக்கிழமைதான் கிளம்புகிறேன், அதுவரை என்னிடமே இருக்கட்டும் என்றேன். கட்டுப்பாடான ஆசாமி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு அதுவும் ஒரு கீறல்.

ஞாயிற்றுக்கிழமை தெங்கேராவில் முத்தையாவின் கடையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மேசையில் இரண்டு பேர், பத்து பெரெண்டாம் என்ற ஊரின் விமானத் திடலில் விமானம் இறங்குவதைப் பார்க்கப் போவதா, மீன் வாங்கப் போவதா என்று ஒரு மணி நேரமாக விவாதித்தார்கள். முத்தையா என் தட்டில் மீன் துண்டை வைத்துவிட்டு, "என்னாங்க ஐயா, மூஞ்சி தொங்குது? பொண்ணு தோத்துப் போச்சா?" என்றார். தலையாட்டினேன். "நீங்க ஊர்லேருந்து வந்து பாக்கும்போதுதான் தோக்குதா, இல்ல எப்பவுமே தோக்குதா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். அவருக்கு ரசாயனம் தெரியாது என்பதால் அந்தக் கேள்வியை நான் பொருட்படுத்தவில்லை. படித்தவர்களுக்கு இப்படித்தான் காது போகிறது, குழாய் வெடித்து மட்டுமல்ல.

திங்கட்கிழமை போகி. செட்டிகள் வீட்டில் அன்று முன்னோருக்குப் படையல். பர்ச்சு என்கிறார்கள். தெய்வானையின் அண்ணன் ராஜா, நிலவரி அலுவலக எழுத்தர், வந்து என்னைக் கையோடு கூட்டிப் போனார். "என் தங்கை செய்யும் ஸ்பிரிங்கில் யாரும் உட்கார முடியாது, யாரும் பார்க்கவும் முடியாது. சாப்பாட்டையாவது பார்க்கலாம், வாருங்கள்" என்றார். தங்கை அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

கூடத்தில் வரிசையாக வாழையிலை. தேங்காய்ப் பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, இறால் விழுது அரைத்த பெலாச்சான் சம்பல், புளி போட்ட பிண்டாங் மீன் குழம்பு, ஒரு மூலையில் நம் ஊர் வடை. இறந்தவர்களில் யாருக்கு எது பிடிக்கும் என்று பார்த்து வைத்திருந்தார்கள். ஒரு இலையில் சுருட்டு. ஊதுவத்தி ஏற்றியதும் வீட்டார் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். உள்ளே பெரியவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் காக்கையைக் கூப்பிட்டு அவசரப்படுத்துகிறோம். இங்கே அவர்களை நிம்மதியாகச் சாப்பிட விடுகிறார்கள்.

பின்பக்கம் கிணற்றடியில் நின்றோம். ராஜாவின் மனைவி அந்த நேரத்தை வீணாக்காமல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். தேங்காய்ப் பால் பிழிந்த சக்கையை ஒரு கைப்பிடி அள்ளி, அடுப்புச் சாம்பலைத் தொட்டு, கண்ணாடித் தம்ளர்களின் உள்ளே விட்டுச் சுழற்றினார். ஒரு தண்ணீரில் அலசிக் கவிழ்த்தார். தெய்வானை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் சபாபதி, குழாய்கள் மூன்று நாளாக ரொம்பப் பளபளப்பாக இருக்கின்றன."

"இருக்காதா? நான்தான் தினமும் டைக்ரோமேட்டில் கழுவுகிறேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பள்ளியின் தண்ணீர்க் குழாயில் மதியத்துக்குமேல் தண்ணீர் வராது. நான் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, இதோ, இப்படித்தான் கழுவுவேன். எட்டு வருடமாக."

"குறிப்பில் 'சுத்தமாகக் கழுவிய குழாய்கள்' என்றுதானே எழுதியிருந்தீர்கள்?"

"இது சுத்தமில்லையா?" என்று அண்ணி மலாயில் கேட்டார், நாங்கள் எதைக் காட்டிப் பேசுகிறோம் என்று புரிந்துகொண்டு, தம்ளரை உயர்த்திப் பிடித்தபடி. கோபமாகவே கேட்டார்.

தேங்காயின் கொழுப்பு, சாம்பலின் காரம். இரண்டும் சேர்ந்தால் சோப்பு. கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்குள்ள கண்ணாடியில் வெள்ளி படியாது என்பது முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். படிய இடம் கிடைக்காத வெள்ளி கரைசலுக்குள்ளேயே வளர்ந்தாக வேண்டும். அந்தப் படலத்திலிருந்து கரைந்த துளி சோப்பு இழையின் ஒரு பக்கத்தில் ஒட்டி வளர்ச்சியைத் தடுத்தால், இழை வளைந்துதானே போகும்? அப்படித்தான் என்று இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்று கிணற்றடியில் ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. மூன்று நாளாக அந்தப் பெண்ணின் கண்டுபிடிப்பைத் தினமும் மதியம் கழுவிச் சாக்கடையில் விட்டவன் நான். அவர் தம் கண்ணைப் பழித்து எழுதிய தாள் என் பையில் இருந்தது.

"என்னால்தான்" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "நாளைக்கு ஆறு குழாய் உங்கள் முறையில், ஆறு என் முறையில்" என்றார். "கழுவுவதெல்லாம் நான். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்." கதவு திறந்தது. பெரியவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். என் இலையில் ராஜா மூன்று வடை வைத்தார். இரண்டைத்தான் சாப்பிட முடிந்தது.

மறுநாள் பொங்கல். பள்ளி விட்டதும் ஆய்வகத்தில் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஏழாம் விதியை அவ்வளவு சுத்தமாக அனுசரித்த உறுப்பினர் சங்க வரலாற்றில் இருக்க முடியாது. மூக்கு அரித்தபோதும் கையை எடுக்கவில்லை. தெய்வானை அதைப் பார்த்துவிட்டு, "மூக்கு கருவியில் சேராது" என்றார்.

இருபது நிமிடத்தில் என் முறையில் கழுவிய ஆறிலும் கண்ணாடி படிந்தது. மற்ற ஆறும் வெறுமனே நின்றன. பிறகு அவற்றில் ஒன்றின் நடுவில், மூச்சு விட்டால் கலையும் அளவுக்கு, சாம்பல் நிறம் தெரிந்தது. அடுத்து இன்னொன்றில். ஒரு மணி நேரத்தில் ஆறிலும் மேகம். அவர் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் விட்டார். நுண்ணோக்கியின் அடியில், வரும் வெளிச்சத்தின் நடுப்பகுதியை மறைக்க ஒரு கறுப்புக் காகித வட்டம் வைத்தார். இருட்டறையில் வெயில் கீற்று விழுந்தால் தூசி மின்னுமே, அது மாதிரி, நேராகப் பார்த்தால் தெரியாத இழைகூடப் பக்கவாட்டு வெளிச்சத்தில் மின்னும். அந்த ஏற்பாடும் அவரே செய்துகொண்டதுதான்.

நான் குனிந்தேன். கறுப்பு வானம். அதில் வெள்ளைச் சுருள்கள். சில மூன்று சுற்று, சில பத்துப் பன்னிரண்டு. எல்லாம் ஒரே நிதானத்தில், ஒரே இடைவெளியில் சுருண்டிருந்தன. நீரோட்டத்தில் ஒன்று மெல்லத் திரும்பி, தன் நீளம் முழுவதையும் காட்டிவிட்டு அப்பால் போயிற்று. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. நிமிர்ந்தபோது அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நுண்ணோக்கியை அல்ல.

"பஞ்சு நூலா, மாமா?" என்று கேட்டார். அவர்கள் மலாயில் தங்கிப்போன தமிழ்ச் சொற்களில் அது ஒன்று.

"இல்லை அம்மா" என்றேன். பையிலிருந்த தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். நாலாக மடித்து, தண்ணீர்த் தொட்டியில் போட்டு, மை கரையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

சான்றை முத்தையா கடையில் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு வழி இருந்தது. முதல் மூன்று நாளை விட்டுவிட்டு, பார்த்தேன், வந்தது, சரி என்று எழுதலாம். சுருக்கம், சுபம். ஆனால் கழுவிய கதை இல்லாவிட்டால் வேறு எந்த ஆய்வகத்திலும் அது வராது. மறுபடி இரண்டு கல்லூரி, மறுபடி பஞ்சு நூல், மறுபடி அவர் பெயர். கதையை எழுதினால், சான்றளிக்க வந்தவர் குழாய்களைத் தொட்டார், அவர் இருந்தபோது பரிசோதனை மூன்று நாள் தோற்றது என்பதும் பதிவாகும். விதிப்படி அந்தச் சான்றைக் குப்பையில் போட வேண்டும். குறிப்பும் அதோடு போகலாம்.

"என்னா ஐயா, பேனா நகர மாட்டேங்குது?"

"உண்மையை எழுதினால் என் மானம் போகும், முத்தையா. அந்தப் பொண்ணுக்கு லாபமா நஷ்டமா என்றும் தெரியவில்லை."

"ஒங்க மானம் ஊர்ல இருக்கு. அந்தப் பொண்ணு இங்க இருக்கு. மொதல்ல அதுக்கு எழுதுங்கலா" என்றார்.

எழுதினேன். நாலு பக்கம். தேங்காய்ச் சக்கை எவ்வளவு, சாம்பல் எந்த விறகின் சாம்பல், எத்தனை தண்ணீர் என்று அண்ணியிடம் கேட்டே எழுதினேன். ராஜா மொழிபெயர்த்தார். அண்ணிக்கு இது விஞ்ஞானம் என்று கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. கடைசிப் பத்தியில், ஏழாம் விதியை மீறியவன் நானே, எனவே என் கையெழுத்தைத் தள்ளிவிடுங்கள், கழுவும் முறையைத் தள்ளாதீர்கள், யாராவது ஒருவர் அப்படிக் கழுவிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள் என்று முடித்தேன்.

வியாழக்கிழமை பஸ் நிலையத்துக்கு அண்ணன், தங்கை, அண்ணி மூவரும் வந்தார்கள். வாழையிலையில் கட்டிய ஏதோ ஒன்றைத் தெய்வானை சன்னல் வழியாகக் கொடுத்தார். பதில் எப்போது வரும் என்று கேட்டார். சங்கத்தின் நடைமுறை எனக்கு அத்துப்படி. குழு கூடும், உபகுழு அமைக்கும், உபகுழு குழுவுக்கு எழுதும். "மார்ச்சுக்குள்" என்று சொன்னேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

மார்ச் போயிற்று. அடுத்த இதழில் திரும்பப் பெறும் அறிவிப்பு வரவில்லை, வேறொன்றும் வரவில்லை. நான் மூன்று நினைவூட்டல் எழுதினேன். பொருள் பரிசீலனையில் உள்ளது என்று மூன்று அட்டை வந்தது. அந்த வாக்கியத்தை உருவாக்கிக் கொடுத்தவனும் நான்தான். மலாக்காவிலிருந்து மாதம் ஒரு கடிதம் வந்தது. மழை, அண்ணன் வாங்கிய சைக்கிள், பள்ளிக்கு வந்த புதுத் தராசு. சங்கத்தைப் பற்றி அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்காகத்தான் என்பது எனக்குத் தெரியும்.

சங்கம் கடைசியில் எனக்கு எழுதவில்லை, அவருக்கு எழுதியது. அவர் அதைக் கையால் பிரதி எடுத்து எனக்கு அனுப்பினார். இரண்டு கல்லூரிகளிலும் தேங்காய்ச் சக்கையும் சாம்பலும் கொண்டு கழுவிப் பார்த்ததில் சுருள்கள் கிடைத்தன. குறிப்பு கழுவும் முறையோடு அவர் பெயரிலேயே மறுபடி அச்சாகும். திரு. சபாபதியின் சான்று ஏழாம் விதியின்படி ஏற்கப்படவில்லை. அதற்குக் கீழே அவர் தம் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்தக் கடிதத்தை வாசலிலேயே நின்று இரண்டு முறை படித்தாராம், பிறகு உள்ளே போய் அண்ணியிடம் மலாயில் சொன்னாராம், அண்ணி ஈரக் கையோடு அவரைக் கட்டிக்கொண்டாராம். அவர் வீட்டு வாசலில் தபால்காரர் அதைக் கொடுத்த நாள் 1958 அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை.